கோழிக் காலில் பட்ட கண்

நனைந்த கோழி இறகும் வெந்நீரில் கரைந்த மஞ்சளும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது, முகராதவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது. எண்பதுகளின் நடுவில், டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டுப் பின்வாசலில் அந்த வாடைதான். அதோடு சேர்ந்து அம்மாவின் சந்தேகமும் அங்கேயே குடியிருந்தது.

அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. உடன் வேலை பார்த்தவர்கள் புதுசு புதுசாக வீடு கட்டிக்கொண்டு போக, அப்பா மட்டும் ஊரின் ஓரத்தில், பெரிய கொல்லை வைத்த ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வீட்டுக்காரர் காலி செய்தபோது மரக்கூண்டையும் அதிலிருந்த கோழிகளையும் அப்படியே எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். ஒருவர் ஒன்றைச் சும்மா கொடுத்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்பது அம்மாவின் கட்சி. "நல்லா முட்டை போடுற கோழிய எவனாச்சும் விட்டுட்டுப் போவானா?" என்று கேட்டபடி கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வில்லங்கம் எதுவும் அகப்படாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும்.

விருதுநகர்ப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் கோழி அவளுக்குப் புதிதில்லை. ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டு நின்றால், வெங்காயத்தையும் மிளகையும் தட்டி, அலகைப் பிரித்து உள்ளே தள்ளுவாள். இறகுக்குள் "செள்ளு" என்கிற பொடிப்பூச்சி ஏறினால் பார்பிக்யூ அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பூசுவாள். எல்லாவற்றிலும் அவளுக்குச் செல்லம், செம்மண் நிறத்தில் இருந்த "செவலை". நாய்க்குட்டியைப் போல அவள் பின்னாலேயே அலையும் அந்தக் கோழி.

அந்த ஊரில் அம்மாவுக்கு என்று இருந்த ஒரே ஆள் சரோஜா ஆன்ட்டி. மெட்ராஸ்காரர், அம்மாவைவிடப் பெரியவர், டாக்டர் வீட்டுக்காரம்மா. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அங்கே கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. மளிகைக்கோ, ஹூஸ்டனில் இந்தியக் கடைக்கோ, யார் வீட்டுப் பூஜைக்கோ, எங்கே போவதானாலும் ஆன்ட்டியின் நீள ஸ்டேஷன் வேகன் வாசலில் வந்து ஹார்ன் அடித்தால்தான் உண்டு. பின்சீட்டில் ஆன்ட்டியின் மகள் ப்ரியாவும் நானும். பதிலுக்கு அம்மா ஒரு கிண்ணம் நிறைய முட்டை கொடுத்தனுப்புவாள். அம்மாவும் ஆன்ட்டியும் சமையலறையில் நின்று பேசும்போதுதான் அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். மற்ற நாட்களில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இத்தனை நெருக்கமான ஆன்ட்டிமேலும் அம்மாவுக்கு ஒரு சந்தேகக் கண் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டைச் சுற்றித் தேங்காயைக் காட்டி, உடைத்துத் திருஷ்டி கழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். முன்வாசலில் உடைத்தால் எதிர்வீட்டு அமெரிக்கர்கள் என்னமோ ஏதோ என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள் என்று, பின்வாசல் சிமெண்டுத் தரையில், கூண்டுக்கு முன்னால் அம்மா ஓங்கி அடிப்பாள். தேங்காய் நாலாபக்கமும் தெறிக்கும். சத்தம் கேட்டதும் கோழிகள் விழுந்தடித்து ஓடிவந்து, சில்லுகளை மிதித்துக்கொண்டு பருப்பைக் கொத்தும். பார்க்கக் கொண்டாட்டமாக இருக்கும்.

ஒரு நாள் ஆன்ட்டி கூண்டுப் பக்கம் வந்து, "மல்லிகா, இது என்னடி சும்மா கும்முனு இருக்கு! ஹெல்த்தியா மெயின்டெய்ன் பண்றே!" என்று செவலையைப் பார்த்து அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலை செவலை நொண்டியது.

தூக்கிப் பார்த்தால் பாதத்தின் அடியில் வீக்கம். நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. தொட்டால் சுட்டது. அப்பா நூலகத்திலிருந்து கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து படித்துவிட்டு, காலில் கீறலோ குத்தலோ பட்டு அதில் கிருமி ஏறினால் இப்படி ஆகும், வெந்நீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலை ஊறவைக்க வேண்டும், முதலில் தரையையும் கூண்டையும் பார்க்க வேண்டும் என்றார். அம்மா உப்பை ஒப்புக்கொண்டாள். கூடவே மஞ்சளையும் போட்டாள். தரையைப் பார்க்கும் பேச்சை மட்டும் காதில் வாங்கவில்லை. "தரை என்னங்க பண்ணும்? நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. சரோஜாக்கா வாய வெச்சாங்க, இன்னைக்குப் படுத்துடுச்சு" என்றாள். திருஷ்டி பலமாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமையோடு செவ்வாயும் தேங்காய் உடைக்க ஆரம்பித்தாள். அந்தத் தேங்காய்களை வாங்கியது ஆன்ட்டியின் காரில் போய்த்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

அடுத்து இன்னொரு கோழி நொண்டியது. பிறகு மற்றொன்று. அம்மா கணக்குப் போட்டாள்: ஆன்ட்டி எந்தக் கோழியைப் பார்த்தார், எந்த முட்டையைப் பெரிது என்றார், போகும்போது ஏன் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் கண்ணாலேயே பார்க்க நானும் பழகிப்போனேன். காரில் உட்கார்ந்து, முன்சீட்டில் ஆன்ட்டியின் பின்னந்தலையையே உற்றுப் பார்ப்பேன். ப்ரியா சாக்லேட் நீட்டினால்கூட இது எதற்கு என்று தோன்றும்.

கடைசியில் அம்மா கூண்டின்மேல் ஒரு பழைய சுங்குடிச் சேலையைப் போட்டு மூடினாள். அடுத்த முறை வந்தபோது ஆன்ட்டி காபி டம்ளரோடு பின்வாசலுக்கு வந்து நின்று, "ஏன் மல்லிகா, வெயிலுக்கா மூடி வெச்சிருக்கே?" என்று கேட்டார். அம்மா, "இல்லக்கா, யார் கண்ணாவது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். நிறுத்தியதுதான் தப்பு. முழுசாகச் சொல்லியிருந்தால் பொதுவான பேச்சாகப் போயிருக்கும். ஆன்ட்டி சேலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர் தன்னைத் தவிர வேறு யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? காபியை அப்படியே சமையலறை மேடையில் வைத்துவிட்டு, "ப்ரியா, கெளம்பு. வீட்ல வேலை இருக்கில்ல" என்றார். அப்புறம் எங்கள் வாசலில் ஹார்ன் கேட்கவில்லை.

ஆன்ட்டி வராமலே செவலையின் கால் மோசமானது. ஊன்றவே முடியாமல் துணிக்கூடைக்குள் படுத்துக் கிடந்தது, முட்டையும் நின்றுபோனது. அம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "போகும்போது வயிறெரிஞ்சு போனாங்கல்ல" என்றாள். சொல்லிவிட்டு, ஹார்ன் கேட்கிறதா என்பதுபோல வாசலைப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பொருக்கை எடுத்தே தீர வேண்டும் என்று அப்பா உட்கார்ந்தார். அம்மா செவலையைத் துண்டில் சுற்றி, கண்ணையும் மூடி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஊறிய பொருக்கை அப்பா இடுக்கியால் மெதுவாகத் தூக்கினார். உள்ளிருந்து மஞ்சளாக, கட்டிதட்டிப்போன சீழ் வந்தது. அதன் நடுவில் ஏதோ கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பிடித்து இழுத்து, குழாயில் கழுவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

தேங்காய் ஓட்டுச் சில்லு. ஊசி மாதிரி கூர்மை. நுனியில் ஒரு நார்கூட ஒட்டியிருந்தது.

அப்பா காயத்தைத் துடைத்தார். அயோடின் தடவிக் கட்டுப் போட்டார். அம்மா சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதிலும் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று தேடுகிறாள் என்றே நினைத்தேன். பிறகு எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்தாள். சாயங்காலம்வரை சிமெண்டுத் தரையைப் பெருக்கினாள், புல்லுக்குள் கைவிட்டுத் துழாவினாள். எடுக்க எடுக்கச் சில்லு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் கிண்ணம் நிறைய முட்டையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ஆன்ட்டி வீட்டுக்கு நடந்தாள். டெக்சஸ் வெயிலில், நடைபாதையே இல்லாத ரோட்டின் ஓரமாகச் சேலை கட்டிய ஒருத்தி முட்டைக் கிண்ணத்தோடு நடந்துபோவதைக் காரில் போனவர்களெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆன்ட்டி கதவைத் திறந்து, "அடடே, இந்த வெயில்ல எதுக்கு வாக் பண்ணி வந்தே? போன் பண்ணியிருக்கலாமே" என்று சிரித்தார். ஜூஸ் கொடுத்தார். அம்மா, "செவலைக்குப் பரவாயில்லக்கா, கால்ல ஏதோ குத்தியிருந்திருக்கு" என்றாள். "அப்படியா, குட்" என்றார் ஆன்ட்டி. முட்டையை வாங்கி உள்ளே வைத்தார். திரும்பும்போது அம்மாவின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும், பஸ்ஸில் ப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்களுக்குள் வழக்கமான ஆங்கிலத்தில், சாதாரணமாகச் சொன்னாள்: முட்டையை அவள் அம்மா குப்பையில் போட்டுவிட்டார்களாம். உள்ளே என்ன வைத்துக் கொடுத்தார்களோ, யார் கண்டது என்றார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். ஆன்ட்டியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செவலையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் ஆன்ட்டி குடும்பம் நியூஜெர்சிக்கு, பார்சிப்பனிப் பக்கம், மாறிப் போனது. சொல்லிக்கொள்ள வந்தார்கள், காரிலிருந்து இறங்கவில்லை. செவலையின் கால் ஆறிவிட்டது, கடைசிவரை லேசாகச் சாய்ந்து நடந்தது. அம்மா ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். எங்கே போவதானாலும் தனியாகவே போய்வந்தாள்.

அந்தப் பழைய வீட்டை இடித்து, கொல்லையோடு சேர்த்து வரிசையாகப் புது வீடுகள் கட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் தமிழ்க் குடும்பங்கள். அழைத்துப்போக ஆயிரம் கார். அம்மா என்னோடு இருக்கிறாள். யாரோடும் ஒட்டுவதில்லை, யாராவது என் சமையலைப் புகழ்ந்தால் அவள் கண் இடுங்கும், கூடவே என் கண்ணும்.

வெள்ளிக்கிழமைத் தேங்காய் மட்டும் நிற்கவில்லை. ஆனால் இப்போது அதை ஒரு பழைய துண்டில் இறுக்கி முடிந்துதான் தரையில் அடிக்கிறாள். 'தொம்' என்று அமுங்கிய சத்தம் வருகிறது, ஒரு சில்லும் வெளியே தெறிப்பதில்லை. சிதறாவிட்டால் திருஷ்டி எப்படிப் போகும் என்று போன வாரம் என் மகள் கேட்டாள். அம்மா முடிச்சை அவிழ்த்தபடி, "கோழி கால்ல குத்தும்டி" என்றாள்.

எங்கள் வீட்டில் கோழி வளர்த்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.