காப்பு நூலில் மீன் மணம்

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீதித் தமிழரிடம் சந்திரவதனாவின் வீட்டைக் கேட்டால் யோசிப்பார்கள். விரதக்காரி வீடு என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். தீபாவளியன்று கௌரி விரதம் முடித்து இடக்கையில் காப்பு நூல் கட்டிக்கொள்வாள். மறுநாளே கந்தசஷ்டி தொடங்கிவிடும். ஆறு நாளும் மாலையில் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும். கணவர் இருந்த காலத்திலும் அவர் போன பிறகும் அதில் பிசகியதில்லை.

மற்றபடி அவள் வாழ்க்கை முழுவதும் வேலைதான். அகதியாக இந்த நாட்டுக்கு வந்த ஆண்டிலேயே அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் இரவு வேலைக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை அதே வேலை. அதில்தான் மகன் றூபனைப் படிக்கவைத்தாள். ஓய்வுக்குப் பிறகு இரவில் படுத்தாள், தூக்கம் வரவில்லை. டொக்டர் தேநீரைக் குறைத்து நடக்கச் சொன்னார். அது அவளுக்கு வைத்தியமாகத் தோன்றவில்லை. சட்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை சிவரூபினி, தனக்கு எழுதிக் கொடுத்த தூக்கக் குளிசையில் ஒரு அட்டையைப் பிரித்துக் கொடுத்தாள். பாதி போடச் சொன்னாள். பாதி போட்டுப் பயனில்லை என்று சஷ்டி தொடங்கியதிலிருந்து இவள் முழுதாகப் போட்டாள்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவள். அங்கே சில குளிசைகளை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் கொடுப்போம். எங்கள் வீடுகளிலோ குளிசை கறிவேப்பிலை மாதிரி வேலிக்கு மேலால் கை மாறும்.

றூபனின் மனைவி ஷெறோன், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் பஸ்தியாம்பிள்ளையின் மகள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். அந்தக் கல்யாணத்துக்குச் சந்திரவதனா சம்மதித்தாள், ஆனால் விருப்பத்தோடு அல்ல. மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். விரத நாட்களில் வீட்டில் மீன், முட்டை என்று எந்த மச்சமும் கூடாது என்று சொன்னபோது ஷெறோன் முகம் சுளிக்கவில்லை. தகரத்தில் அடைத்து வரும் தன் ரின்மீன்களைப் பையில் போட்டு முடிந்து, சமையலறை மேல் அலுமாரியில் தானே வைத்தாள்.

நான்காம் நாள் காலை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் திறந்த மீன் ரின் ஒன்று கிடந்தது. றூபனுக்கு அந்தக் கிழமை முழுவதும் இரவு ஷிப்ட். சந்திரவதனா ஷெறோனைக் கேட்டாள். தான் தொடவில்லை என்றாள் அவள். மறுநாள் காலை தாச்சியில் முட்டை பொரித்த அடையாளம் இருந்தது. சந்திரவதனா தாச்சியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு பஸ்தியாம்பிள்ளைக்குப் போன் எடுத்தாள்.

"உங்கட மகளுக்கு ஆறு நாள் வாயைக் கட்ட ஏலாதோ?"

விசாரித்துச் சொல்வதாக அவர் சொன்னாராம். அவர் மரியாதையாகப் பேசியதையே இவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அன்று மாலை கோயிலில் பெண்களிடமும் சொன்னாள். கூடவே, இந்த வருடம் தனக்குப் பசியே தெரியவில்லை, முருகன் பாலிலும் பழத்திலுமே வயிற்றை நிறைத்துவிட்டார் என்றும் சொன்னாள். நானும் அங்கே நின்றேன். அவளுடைய கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பழம் வெட்டும்போது கத்தி பட்டிருக்கும் என்றாள், பட்டது நினைவில்லையாம்.

அவள் வீடு திரும்பியபோது ஷெறோன் தகப்பன் வீட்டுக்குப் போயிருந்தாள். விரதம் முடியட்டும், தாங்கள் வேறு வீடு பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு றூபன் வேலைக்குக் கிளம்பினான்.

அடுத்த நாள் காலை அவன் வந்தபோது தொட்டிக்குள் இன்னொரு ரின் கிடந்தது. முள்ளுக்கரண்டி அதற்குள்ளேயே நின்றது. தாயும் மகனும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்கள். றூபன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ராத்திரி வீட்டில ஆர் இருந்தது?"

"நான்தான்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியிருக்கிறது. நேரே என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் இடக்கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இதை மணந்து பாருங்கோ."

காப்பு நூலின் முடிச்சுக்குள் செம்மஞ்சளாக எண்ணெய் ஊறியிருந்தது. சோப்பு போட்டால் கை மணம் போய்விடும், நூல் முடிச்சில் இருப்பது போகாது. தூங்க என்ன போடுகிறாய் என்று கேட்டேன். அட்டையை எடுத்துக் காட்டினாள். அவளைச் சந்தி மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் குளிசையின் பெயரைப் பார்த்ததுமே கேட்டாள், இரவில் எழுந்து நடமாடுகிறாரா, சமைக்கிறாரா என்று. இந்தக் குளிசையில் சிலர் தூக்கத்திலேயே சாப்பிடுவார்களாம், கார்கூட ஓட்டியிருக்கிறார்களாம், காலையில் எதுவும் நினைவிருக்காதாம். பகல் முழுவதும் பட்டினி கிடந்த உடம்பு எதைத் தேடும்? அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, டொக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொன்னாள்.

வெளியே வந்ததும் நான் அடுப்பைப் பற்றிப் பேசினேன். வீடு எரியாமல் தப்பியது பெரிய காரியம் என்றேன். அவள் காதில் அது விழவில்லை. முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டு நடந்தாள்.

"மீன் போகட்டும் அக்கா. அந்த மனுசனுக்குப் போன் எடுத்தனே."

என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். நடையை எட்டிப் போட்டாள். குளிசையின் குற்றம் என்று றூபனுக்கு மட்டும் சொல்லி, மற்றதை அப்படியே மூடிவிடலாம். கேட்பார் இல்லை. அந்த யோசனை அவளுக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அன்று மாலை, சஷ்டியின் கடைசி நாள், கோயிலில் நடந்த சூரன்போருக்கு அவள் வரவில்லை.

மறுநாள், விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை நாள், காலையில் வந்தாள். கோயில் சமையலறையில் நாங்கள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். உட்காராமல் நின்றபடியே, மீன் தின்றது ஷெறோன் இல்லை, தூக்கக் குளிசை போட்டு எழும்பித் தின்றது தான்தான் என்றாள். கத்திகள் நின்றுவிட்டன. பிறகு, பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த ரதி தலை நிமிர்ந்தாள்.

"முருகன் பால்பழத்திலேயே நிறைச்சவர் எண்டியள்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சந்திரவதனா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பாறணைக்கு இருக்கவில்லை. என்னைத் துணைக்குக் கேட்டாள். கத்தியை வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஃபாரஸ்ட் கேட்டில் பஸ்தியாம்பிள்ளைதான் கதவைத் திறந்தார். அவரிடம் வாசலிலேயே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, உள்ளே வந்து இருங்கோ என்றார். இவள் பழி சொன்னபோது அவர் காட்டிய அதே மரியாதை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முன்னறையில் உட்கார்ந்தவள் தலை நிமிரவேயில்லை.

ஷெறோன் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"மாமி, நீங்கள் மீன் சாப்பிட்டது எனக்குப் பிரச்சினை இல்லை. நான் இல்லை எண்டு சொன்னன். நீங்கள் நம்பேல்லை."

"ஓம். நம்பேல்லை."

"ஏன்?"

குளிசை என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"நீ வேதம் எண்டபடியால்தான் பிள்ளை. எங்கட ஆக்களில ஒரு பிள்ளை எண்டால் ரெண்டாம் தரம் கேட்டிருப்பன்."

பஸ்தியாம்பிள்ளை சன்னல் பக்கம் பார்த்தார். ஷெறோன் உள்ளே போனாள். இனி எழும்பிப் போவதுதான் என்று நான் கைப்பையை எடுத்தேன். அவள் ஒரு தட்டோடு திரும்பி வந்தாள். சோறு, சொதி, கத்தரிக்காய்க் கறி.

"பாறணை செய்யாமல்தானே வந்திருக்கிறியள். சாப்பிடுங்கோ. மீனும் இருக்கு, முழிப்போட சாப்பிடுறதெண்டால் போடுறன்."

சந்திரவதனாவின் காது சிவந்தது.

"இண்டைக்கு வேண்டாம். எங்கட வீட்டை வந்து போடு."

ஷெறோன் சொதி இன்னும் ஒரு கரண்டி விட்டாள்.

டொக்டர் வேறு குளிசை கொடுக்கவில்லை. தூக்கப் பழக்கத்தைத் திருத்தும் வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார். முனகிக்கொண்டு போகிறாள். சில இரவு தூங்குகிறாள், சில இரவு இல்லை. தங்கைக்குப் போன் எடுத்து, மிச்சக் குளிசையை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ஏசினாளாம்.

இரண்டு கிழமை கழித்து ஷெறோன் வந்தாள். வேறு வீடு பார்க்கும் பேச்சை றூபன் இன்னும் கைவிடவில்லை. வந்த அன்றே ஷெறோன் மேல் அலுமாரியிலிருந்த பையை இறக்கி முடிச்சை அவிழ்த்து, மிஞ்சியிருந்த ரின்களைச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும் கீழ் அலுமாரித் தட்டில் அடுக்கினாள். சந்திரவதனா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போத்தலைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.