பிரஷர்க்காரம்மா வராங்க, கதவைச் சாத்து!

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிற வேலையில் முதலில் ஏறுவது நம் சொந்த பிரஷர்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் காலனியில் நான் சுகாதாரத் தன்னார்வலராகி நாலு வருஷம் ஆகிறது. யாருக்கும் பக்கவாதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதே பிரஷர் மெஷின் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் அலையும் தங்கைகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

வால்வு

ஏழுமலை அண்ணன் பாய்லர் ஆபரேட்டர். கம்பெனியில் மணிக்கொரு தரம் பிரஷர் கேஜைப் பார்த்து எழுதுகிற மனுஷன், தன் கையை மட்டும் நீட்ட மாட்டார். மூன்று முறை கதவைச் சாத்தினார். நாலாவது முறை அவர் மனைவி கஸ்தூரி பிடித்து உட்கார வைத்தாள். பட்டையைக் கட்டிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு! "உங்க பாய்லர்ல இப்படி ஏறினா சும்மா இருப்பீங்களாண்ணே?" என்றேன்.

"சேஃப்டி வால்வு தானா தொறந்துக்கும்மா. எனக்கும் வாய் கீதுல்ல, அதான் ஊட்ல கத்திக்கினே கீறேன்."

ஓ.டி.

ஒருவழியாக டாக்டரிடம் அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பார்த்தால் நாலு மாத்திரை மிச்சம். விசாரித்தால் நாலும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. ரத்தத்துக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது என்று அரைமணி நேரம் மன்றாடினேன்.

"வாரத்துல ஒரு நாள் எனக்கே லீவு. மாத்திரைய மட்டும் ஓ.டி. பாக்கச் சொல்றியா?"

சிரித்தால் தெரியும்

மகளிர் குழுக் கூட்டத்தில் பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தேன். சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், மணியையும் பார்த்து வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சோதித்துப் பழகுங்கள் என்றதும் கஸ்தூரி எழுந்தாள்.

"இன்னாக்கா நீ, அந்த ஆளு சிரிச்சே எத்தினி வருசமாவுது! நான் எத்த வெச்சுக் கண்டுபுடிக்கிறது?"

புறா

பொங்கலுக்குக் கம்பெனி ஐந்து நாள் மூடியது. அண்ணனும் ஐந்து நாள் மாத்திரையை மூடி வைத்துவிட்டார். மறுபடி திறந்த அன்று அவருக்கு இரண்டாம் ஷிப்ட். காலை ஒன்பது மணிக்கு வீட்டில் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது.

நான் ஓடிப் போனபோது அவருடைய அண்ணன், மீஞ்சூரில் புறா வளர்ப்பவரைத் தேடிக் கிளம்பிக்கொண்டிருந்தார். புறா ரத்தம் தேய்த்தால் வாதம் இறங்குமாம். தம்பி மேல் அவ்வளவு பாசம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாசலை அடைத்து நின்றது அவர் பைக். அதன் எதிரே கஸ்தூரி.

"புறாவ அப்பால புடிச்சி கொழம்பே வெக்கலாம் மாமா. இப்ப வண்டிய நவுத்துங்க, ஆம்புலன்ஸ் வர்து."

எத்தனை மணிக்கு?

சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கட்டு. அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்டார். டீ கிளாஸ் விழுந்தது ஒன்பதுக்கு. ஆனால் அதற்கு முன்னால்? ராத்திரியிலேயே வாதம் தொடங்கியிருந்தால் அந்த ஊசி கிடையாது. கஸ்தூரி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எட்டு மணி கம்பெனி சங்கு ஊதறப்போ என்கூட சண்டை போட்டுக்கினு இருந்தாரு சார். ஒரு கெட்ட வார்த்தகூட கொழறல."

ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் ஏழுமலை அண்ணன் இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டியபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

நாலு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் பேசியதைவிடக் காலை எட்டு மணிக்கு நடந்த ஒரு குடும்பச் சண்டை அதிக உபகாரம் செய்திருக்கிறது, ஆனால் அதைப் பதிவு செய்ய எங்கள் மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.