அடிவயிற்றுக்கு ஒரு வெந்நீர்ப் பை

அந்தப் பெரிய வணிக வளாகத்தின் வாசலில் பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு தடுப்பு உண்டு. மூன்று பக்கமும் பலகை, ஒரு பக்கம் நீலத் திரை. அதற்குள் காலையிலிருந்து நிற்கிறவளுக்கு செக்கிங் அக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கையை விரிப்பார்கள். அவள் கருவியை மேலும் கீழும் ஓட்டி, இடுப்பை ஒரு தரம் தடவிப் பார்த்து, "போங்க" என்பாள். அவள் நாள் முழுக்கப் பேசும் பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான். மீதி, "பையைத் திறங்க."

இத்தனை பேரைத் தொட்டுத் தொட்டு அனுப்புகிறவளை ஏன் என்று கேட்க வீட்டில் ஒரு ஜீவன் கிடையாது. புருஷன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவன். முதலில் அவன் போன் குறைந்தது, அப்புறம் பேச்சு குறைந்தது, கடைசியில் அங்கேயே ஒரு குடும்பம் என்று சேதி வந்தது. சண்டை போடக்கூட எதிரே ஆள் இல்லை. தங்கை ஒருத்தி தூரத்து ஊரில் வாக்கப்பட்டு, பிள்ளை குட்டி என்று மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தாள். இவளுக்கு மொட்டை மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்பு, பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல்.

மாதா மாதம் அந்த மூன்று நாள் வந்தால்தான் அவளுக்குக் கண்டம். அடிவயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவார்கள். தொடை இரண்டும் இழுக்கும், இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். வயசுக்கு வந்த புதிதில், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் அம்மா. கல்யாணம் ஆயிற்று. "ஒண்ணு பொறந்தா சரியாப் போயிடும்" என்றாள் மாமியார். பிறக்கவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. "இன்னும் கொஞ்ச காலம்தானே, தானா நின்னுடும்" என்று தங்கை சொல்கிறாள். வலிக்கு வாய்தா வாங்கி வாங்கியே அவள் பாதி ஆயுசு போய்விட்டது.

வேலையிடத்தில் அவள் சொல்வது தலைவலி. சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஓர் ஆண்பிள்ளையிடம் வேறு என்னத்தைச் சொல்வது? அவரும் ஒரு நாள் அக்கறையாகவே கேட்டார்: "மாசா மாசம் தலைவலி வருதே, கண்ணு டாக்டரைப் பாத்தீங்களா? கண்ணாடி போட்டா சரியாயிடும்." அவள் திரைக்குள் போய், வலியோடு வலியாகச் சிரித்தாள்.

அன்றைக்கு அந்த மூன்று நாளில் முதல் நாள். போதாததற்குப் பள்ளி விடுமுறைக் கூட்டம். மாற்றி நிற்க வேண்டியவள் வரவில்லை. கழிப்பறைக்குப் போய் வெகு நேரமாகிவிட்டது. நனைந்துவிட்டதோ என்ற பயம் வேறு. பலகையில் முதுகைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது உள்ளே வந்தவள் மேல்மாடி அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண். கழுத்தில் அட்டை தொங்கியது. இடுப்பைத் தடவியபோது செக்கிங் அக்காவின் கையில் சுரீர் என்று சூடு பட்டது. சட்டைக்குள் மெத்தென்று என்னவோ இருந்தது.

"என்னது இது?"

அந்தப் பெண் கொஞ்சம் கூசிக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். துண்டில் சுற்றிய ரப்பர் பை ஒன்று, இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. "வெந்நீர்ப் பைங்க. வயித்து வலி… அந்த நாளு."

"இதை வெச்சா கேக்குமா?"

"சுத்தமாப் போகாது. ஆனா கொஞ்சம் விட்டுக் குடுக்கும். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, துணி சுத்தாம வைக்காதீங்க, வெந்துடும்." பிறகு செக்கிங் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கும் இன்னைக்கா? வெளுத்துப் போயிருக்கீங்களே. உக்கார ஒரு ஸ்டூல்கூடவா போட மாட்டாங்க?"

தன் முகத்தைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அதற்குள், "உள்ள என்ன, கதையா நடக்குது?" என்று வெளியே வரிசையில் சத்தம் கிளம்பியது. "போங்க" என்றாள் வழக்கம்போல. அந்தப் பெண் போய்விட்டாள்.

வேலை முடிந்து போகிற வழியில் மருந்துக் கடையில் வெந்நீர்ப் பை கேட்டாள். "யாருக்குங்க?" என்றார் கடைக்காரர். "அம்மாவுக்கு" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். அம்மா செத்து வருஷக்கணக்காகிறது.

அறைக்கு வந்து வெந்நீர் போட்டு, ஊற்றி, மூடியைத் திருகி, பழைய பாவாடையில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். சூடு மெல்ல உள்ளே இறங்கியது. முறுக்கிய முடிச்சு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. வலி தாங்காமல் அழுதிருக்கிறாள்; வலி குறைந்து அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், எனக்குத் தலைவலி இல்ல. மாதவிடாய் வலி. நிக்க முடியல. ஒரு ஸ்டூல் வேணும். நடுவுல பாத்ரூம் போக ஆள் மாத்தி விடணும்."

அவர் காது சிவந்துபோனது. மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "சரிம்மா… சரி… இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்தார். மத்தியானத்துக்குள் ஸ்டூல் வந்துவிட்டது.

வாய் ஒருமுறை திறந்த தைரியத்தில் அடுத்த வாரமே மருத்துவமனைக்கும் போனாள். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "யாரும் வரல." பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, உடம்பில் ரத்தம்தான் குறைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இவ்வளவு நாளா ஏன் வரல?"

"எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு நெனச்சேன்."

அந்த மேல்மாடிப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் கழுத்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வரவேயில்லை. மேல்மாடியிலிருந்து வந்தவர்களிடம் அடையாளம் சொல்லி விசாரித்தாள்; வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம்.

மாத்திரையில் வலி பாதியாகக் குறைந்தது. முதல் நாளுக்கு உண்மைக் காரணத்தைச் சொல்லியே லீவு கேட்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு லீவு நாளில் தங்கை போன் செய்தாள்.

"என்னக்கா, இந்நேரத்துல வீட்ல இருக்கே?"

இவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டியையும் சொன்னாள்.

"தனியாவா ஆஸ்பத்திரிக்குப் போனே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் தங்கை. "எனக்கும் அப்படித்தான்க்கா வலிக்குது. யாருகிட்டயும் சொன்னதில்ல."

"போய்க் காட்டுடி. என்னை மாதிரி தள்ளிப் போடாதே. அங்க பெரிய டாக்டர்…"

பேச்சுக்கு நடுவே பிள்ளை ஒன்று வீரிட்டது. "இரு அக்கா, இப்பக் கூப்பிடறேன்" என்று தங்கை வைத்துவிட்டாள்.

போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஜன்னலுக்கு எதிரே சுவரில் வெயில் ஏறி, இறங்கிப் போயிற்று. போன் வரவில்லை. எழுந்து சோறு வடித்து, சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.