ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே டயர்

என் மகளுடைய பைக்கின் பின் சீட்டு என்னுடையது. காலையில் ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஏறி உட்கார்ந்தால், திருவொற்றியூர் தாண்டி நான் பில் போடும் கன்டெய்னர் யார்டு வாசலில்தான் இறங்குவேன். அங்கிருந்து அவள் எண்ணூரில் இருக்கும் தன் ஃபேக்டரிக்குப் போவாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய ஷிஃப்டும் எங்கள் நேரமும் ஒத்துவருவதில்லை. அதனால் பைக் பற்றிய எதையும் நாங்கள் இருவரும்தான் பேசி முடிவெடுப்போம். அப்படிச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவள் சொல்வாள், நான் கேட்டுக்கொள்வேன்.

போன வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"யம்மா, டிராக் டேக்கு பேர் குடுத்துகீறேன்."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் காசு கட்டினால் சாதாரண ஆட்களும் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் அங்கே ஓட்டலாம். அதற்குப் பெயர்தான் டிராக் டே என்று விளக்கினாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "ரேஸ் இல்லம்மா. யாரையும் ஜெயிக்க தேவல. எதிர்ல லாரி வராது, நாய் வராது, ரோட்ல மணல் கெடக்காது. எண்ணூர் ரோட்ட வுட அது சேஃப்" என்றாள்.

தினமும் டிரெய்லர்களுக்கு நடுவே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறவள் நான். அவள் சொன்னது உண்மை.

பைக்கின் டயர் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. எப்படியும் மாற்ற வேண்டும். டிராக்குக்கு ஒரு ஜோடி, ரோட்டுக்கு ஒரு ஜோடி என்று வாங்க வசதி கிடையாது. ஒரே ஜோடிதான் இரண்டுக்கும். பல வாரங்களாக அவள் போனில் வெள்ளைக்காரர்கள் டயரைத் தட்டித் தட்டிப் பேசும் வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த பாயின் டயர் கடைக்குப் போனோம்.

பாய் குனிந்து எங்கள் பின் டயரைத் தடவிப் பார்த்தார். "நேரா மட்டும் ஓட்டிகினு கீற பாப்பா. நடுவுல தேஞ்சி தட்டையா பூட்ச்சி. ஓரம் பாரு, புதுசாட்டமே கீது" என்றார்.

"எண்ணூர் ரோட்ல எங்க பாய் சாய்க்கறது?" என்று சிரித்தாள்.

மூன்று டயர்களை இறக்கி வைத்தார். முதலாவது டிராக்குக்கென்றே செய்த மிருதுவான ரப்பர். சூடு ஏறினால் பிசின் மாதிரி ஒட்டுமாம். ஆனால் தினசரி ஓட்டினால் சீக்கிரம் தேயும், சில்லென்று இருக்கும்போதும் மழையிலும் நம்ப முடியாது என்றார். இரண்டாவது ஊரெல்லாம் போடுகிற டயர். வருடக்கணக்கில் உழைக்கும், டிராக்கில் சாய்த்தால் வழுக்கிவிடும். மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது, விலையும் இடைப்பட்டது. மேலே பரணில் இன்னொன்று தெரிந்தது. வெளிநாட்டு கம்பெனி டயர், பாதி விலை எழுதி ஒட்டியிருந்தது. என் மகளின் கண் அங்கேயே நின்றது. பாயே அதை இறக்கி, பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் இருக்குமாம்.

"கடைல குந்திகினே கெழவனாயிட்ச்சி. ரப்பர் இறுகி பூட்ச்சி. வெலைய பாத்து ஏமாறாத."

அவள் மிருதுவான டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் பதிந்து மெல்ல மறைந்தது. அதுதான் வேண்டும் என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பின்னாடி அம்மா குந்துவாங்க பாய்."

"அப்போ இந்த நடு ரகத்த போடு. ஆனா ஒன்னு சொல்லிட்றேன். ரெண்டு வேலயும் செய்யும், ரெண்டையும் முழுசா செய்யாது."

நான் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன், நீ கேட்டதை வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் இறங்கிக்கொண்டாலும் அவள் அதே டயரில், அதே மழையில் எண்ணூர் போயாக வேண்டுமே. சரி, நடு ரகமே வாங்கு என்று சொல்லலாம் என்றால், அதை மாட்டிக்கொண்டு அவள் எவ்வளவு சாய்ப்பாள் என்பது எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் அது அவள் உடம்பின் மேல் போய் முடியும் போலிருந்தது. கடைசியில் நான் கேட்டது இவ்வளவுதான்.

"பாய், தண்ணியில நிக்குமா?"

"நிக்கும்க்கா. பாப்பா மெதுவா போனா."

அன்றே நடு ரகம் மாட்டியாயிற்று.

டிராக் டே அன்று லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அங்கே ஒருவர் டயர், பிரேக், செயின் எல்லாம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். சூடானால் தானாக ஏறிவிடும் என்றாள். அப்புறம் நான் கம்பி வேலிக்கு வெளியே, அவள் உள்ளே.

அங்கிருந்து பாதி டிராக்தான் தெரியும். வண்டி வளைவில் மறைந்ததும் சத்தம் தேய்ந்துகொண்டே போகும். திரும்ப வரும்வரை அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் சுற்றுகள் முடித்து வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னை வேலி அருகே கூப்பிட்டு டயரைக் காட்டினாள். ஓரம்வரை தேய்ந்து, ரப்பர் சின்னச் சின்ன மணிகளாகச் சுருண்டிருந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இரண்டாவது முறை வந்தபோது சொன்னாள். "பின்னாடி லைட்டா வழுக்குது. ரொம்ப சூடாவுது போல."

"அப்போ போதும்டி."

"இன்னும் ஒரே தபா யம்மா."

போனாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கொடி அசைந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து உள்ளே வந்தன. அவள் வண்டி வரவில்லை. கேட்டில் நின்றவரிடம் ஓடினேன். "உள்ள விட முடியாதும்மா. எழுந்து உட்கார்ந்துட்டாங்களாம்" என்றார், வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டே. யார் உட்கார்ந்தது என்று கேட்டேன். ஹெல்மெட் என்ன நிறம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு செய்ய ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் அவசரமில்லாமல் மெதுவாக வந்தது. அந்த நிதானத்தை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

தோள்பட்டை எலும்பில் விரிசல். இடது கையை மார்போடு கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது, "டயர் மேல தப்பு இல்ல யம்மா. நான்தான் ஓவரா நம்பிட்டேன்."

எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்தது. அது இன்னும் வலித்தது.

வண்டியை ஒரு சின்ன யானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் கை சேரும்வரை நான் ஷேர் ஆட்டோவில் போய்வந்தேன். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது தனியாகப் பாயின் கடைக்குப் போனேன்.

"அந்த சாஃப்டு டயர போட்டிருந்தா வுழுந்திருக்க மாட்டாளா பாய்?"

அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "தெர்லக்கா. கிரிப் ஜாஸ்தியா கீதுன்னா பாப்பா இன்னும் வேகமா போயிருக்கும்."

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "நீ சொன்னா டிராக்குக்கு போறத நிறுத்துவாளா?" என்று கேட்டார். நிறுத்தமாட்டாள். நிறுத்தினாலும் அந்த முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும்.

எலும்பு சேர்ந்ததும் பழையபடி என்னை யார்டில் இறக்கிவிட ஆரம்பித்தாள். கோடையில் மறுபடியும் பேர் கொடுத்தாள். இந்த முறை எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் நண்பர்களோடு போனாள். நான் பில் அடித்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவருக்கு வேறொருவருடைய கன்டெய்னர் நம்பரை அடித்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். மத்தியானம் மெசேஜ் வந்தது. முடிந்துவிட்டதாம், சாப்பிட்டாளாம். கூடவே பின் டயரின் படம். ஓரத்தில் ரப்பர் உரிந்து வரிவரியாக நின்றது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லா கீது" என்று பதில் அனுப்பினேன்.