பென்சில் கேட்டவர்

போன வருடம் ஆவணி மாதம், முகூர்த்த சீசன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நான் ஃப்ளோர் மேனேஜர். நாள் முழுக்கப் புடவைக்கு நடுவே நிற்கிற எனக்கு விமானப் பைத்தியம். போர் விமான ஓவியங்களின் பிரிண்டுகளை வாங்கிச் சேர்ப்பேன். அதிலும் வரைந்தவரும் அந்த விமானத்தை ஓட்டியவரும் அடியில் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். "மாட்டறதுக்கு சாமி படம் கிடைக்கலயா உங்களுக்கு?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை.

ஒரு நாள் மதியம் கூரியரில் ஒரு பிரிண்ட் வந்தது. பனிமலைக்கு மேலே சீறுகிற மிக் விமானம். பெங்களூரில் ஓய்வாக இருக்கும் விமானியைத் தேடிப்பிடித்து, ஆறு மாதம் கெஞ்சி வாங்கிய கையெழுத்து. சாப்பாட்டு நேரத்தில் அதை மேசையில் விரித்து, சேல்ஸ் பெண்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் கடை செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருபவர், அறுபதைத் தாண்டியவர். மிலிட்டரியில் இருந்தவர் என்று மட்டும் தெரியும். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. குனிந்து விமானத்தின் வாலில் இருந்த நம்பரைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இது நான் பாத்துக்கினு இருந்த பிளேனு சார். ஏர்ஃபோர்ஸ்ல இன்ஜின் மெக்கானிக்கா இருந்தேன். இந்த ஆபீசர்தான் ஓட்டுவாரு. ஒரு பென்சில் குடுங்க சார், நானும் ஓரமா ஒரு கையெழுத்து போட்டுக்கறேன்."

நான் படத்தைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அண்ணா, இதுல வரைஞ்சவரும் பைலட்டும்தான் கையெழுத்து போடணும். கண்டவங்கல்லாம் போட்டா மதிப்பே போயிடும்" என்றேன். கண்டவங்க! என் வாயிலிருந்துதான் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். அவர் "சரிங்க சார்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நன்றி சொல்ல விமானிக்கு போன் செய்தபோது, இதையும் ஒரு ஜோக்காகச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மெக்கானிக்கின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். விமானம் பறக்கலாம் என்று மெக்கானிக் முதலில் படிவத்தில் கையெழுத்துப் போடுவாராம். அதற்குக் கீழேதான் விமானி கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் கையெழுத்தை நம்பித்தான் ஏறினேன் என்றார். "அவர் போடக்கூடாத தாளில் என் கையெழுத்துக்கு என்னங்க மதிப்பு?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன். விமானி சொன்னதையும் சொன்னேன். "ஆபீசர் நல்லா இருக்காரா சார்?" என்று ஆவலாகக் கேட்டார். பென்சிலை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். என் கையெழுத்த டெய்லி அட்டெண்டன்ஸ்ல வாங்கிக்கினுதான இருக்கீங்க. அது போதும்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, வேனிலிருந்து இறங்கிய கல்யாண வீட்டாருக்குக் கதவைத் திறந்துவிடப் போனார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஊர் ஊராகக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கிய எனக்கு, தினமும் என் கண்முன்னால் கையெழுத்துப் போட்ட மனிதரை யாரென்று ஒரு நாளாவது கேட்கத் தெரியவில்லையே என்ற கசப்பு இன்றுவரை போகவில்லை.