சிரிக்காமல் எழுந்தவர்

என் வீட்டுக்காரர் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். பதினேழு வருஷமாக அதே மலைப்பாதை. இருசப்பன் ஜீப் என்றால் மேலே எல்லா ஊரிலும் தெரியும். தினை மூட்டை, கோழிக்கூடு, பிரசவ வலி எடுத்த பெண், எதை ஏற்றினாலும் ஒரே வேகம்தான். பேச்சு கம்மி. சிரிப்பு அதைவிடக் கம்மி. கல்யாணமான மறுவருஷம் ஜாக்கி லிவர் எகிறி அடித்து, மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டன. அதற்கப்புறம் சிரிப்பு வந்தால் தோள் துண்டு வாய்க்குப் போய்விடும். எங்கள் மகள் சடங்கு போட்டோவில்கூட அவர் மூஞ்சிக்குப் பதில் துண்டுதான் தெரிகிறது.

போன ஆவணியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பெரிய ஆட்கள் இல்லை. கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிற அன்புச்செல்வன், ஒரே ஒரு கேமரா, பதினோரு பேர். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களை நாலு ஜோக்கர்கள் ஒவ்வொருவராக வெட்டிக் கொல்கிற கதை. ஜீப்பை வாடகைக்குப் பிடித்தார்கள். சமைக்க ஆள் வேண்டும் என்றதால் நானும் போனேன். ஏழாவதோடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அடுப்படியில் இருந்தால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நான் எல்லாரையும் பார்க்கலாம்.

வேஷம் போட இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் ஜோக்கர்கள் சாப்பாட்டுக்குக்கூட மூஞ்சி கழுவுவதில்லை. வெள்ளைப் பூச்சும், காது வரை கிழித்த சிவப்பு வாயுமாக வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிடுவார்கள். நிஜ வாய் மெல்லும். வரைந்த வாய் சிரித்தபடியே இருக்கும். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் மறுநாள் வரவில்லை. எச்சில் இலைக்கு வருகிற நாய்களும் தூரத்திலேயே நின்றுவிட்டன.

ரத்தம் காய்ச்சுவதும் என் வேலைதான். சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடர், நிறம் இருள ஒரு சிட்டிகை காபித்தூள்.

நாலு பேரில் உயரமானவன் சாம். துணிக்கடையில் வேலை செய்கிறவன். முன்பு சென்னையில் சீரியல்களில் கூட்டத்தோடு நின்ற அனுபவம் உண்டு. அவன்தான் அந்த வழக்கத்தைச் சொன்னான்.

"செத்த மாரி நடிச்சா, எழுந்து கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிடணும்க்கா. அத்தயும் படம் புடிச்சி வச்சிக்கணும். இல்லன்னா அந்தச் சாவு ஒட்டிக்கினு வந்துடும்."

அப்படித்தான் செய்தார்கள். கழுத்து அறுபட்டுக் கிடந்த பெண் எழுந்து ஈ என்று சிரித்துவிட்டு டீ கேட்டாள்.

ஏழாம் நாள் ஜீப் டிரைவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. அன்புச்செல்வன் என் வீட்டுக்காரரையே நிற்க வைத்தார். சில்வர் ஓக் தோப்பில் நாலு ஜோக்கர்கள் ஜீப்பைச் சுற்றினார்கள். சாம் அவரை வெளியே இழுத்துப் பானெட்டில் சாய்த்தான். கழுத்தில் பாகை ஊற்றியது நான்தான். படம் பிடித்து முடிப்பதற்குள் எறும்பு வரிசை காது வரை ஏறியிருந்தது. அவர் அசையவேயில்லை. அவ்வளவு நன்றாகச் செத்துக் கிடந்தார்.

"இருசப்பண்ணே, அப்டியே இங்க பாத்து ஒரு சிரிப்பு" என்றார் அன்புச்செல்வன்.

அவர் எழுந்ததும் துண்டு வாய்க்குப் போனது.

"துண்ட எடுங்கண்ணே!"

"அதெல்லாம் வாணாம் தம்பி. மழ வருது, வண்டிய எறக்கணும்."

"இன்னாண்ணே, பொண்ணு பாக்கவா வந்துகிறோம்? இம்மாம் வெக்கப்படறீங்க!" என்றான் சாம். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியவர் மட்டும் நடந்து போய்விட்டார். நான் பாகுச் சட்டியோடு நின்றேன். கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

விஷயம் ஜீப்பிலேயே ஊர் ஊராகப் போனது. கருவாட்டுக் கூடையோடு வாராவாரம் மலைக்குப் போகிற ராணியம்மாள் முதலில் கேலிதான் செய்தார். "இன்னா இருசப்பா, செத்த மனுசன் ஓட்டுற வண்டியில ஏறச் சொல்றியா?"

அடுத்த வாரம் ஆறாவது வளைவில் மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ராணியம்மாள் அங்கேயே இறங்கிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டார். "மொதல்ல போய் சிரிச்சிட்டு வாய்யா. பொறவு ஏறுறேன்." அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். அப்புறம் எல்லாரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவர் இப்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வண்டியை நிறுத்தினார். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பாதி ஏற்றத்தில் கியரை மாற்றத் தயங்கி வண்டி பின்னால் நழுவியதை ஒருநாள் கூடவே போய் நானே பார்த்தேன். அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "அப்டி நடிச்சா நெசமாவே ஆயிடுமா?"

என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. பாறை இவரைக் கொல்லாது, இந்த நடுக்கம் கொன்றுவிடும் என்று எனக்குப் புரிந்தது.

சாமுக்கு நானே போன் செய்தேன். விட்டுப்போன காட்சிகளை எடுக்க வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான்.

வியாழன் மதியம், அதே தோப்பு. மற்ற காட்சிகளை முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பானெட்டில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்து வாயைத் திறந்தார். முதலில் சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. பல் போன இடமெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தவே முடியாமல் சிரித்தார். வேஷத்தோடு இருந்த சாம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். வெள்ளைப் பூச்சு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் அன்புச்செல்வனுக்குப் பின்னால் நின்றேன். கேமராவின் சின்னத் திரை கறுப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் அதில் இல்லை.

அன்புச்செல்வன் திரும்பி என்னைப் பார்த்தார். "பேட்டரி பூட்ச்சுக்கா" என்றார் மெதுவாக. "வேற இல்ல. அவுரு சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு, எப்டி நிறுத்தறது? சொல்லிடாதீங்க."

இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்தார். கை நடுங்கவில்லை. நான் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். இறங்கும்போது ஒரு வளைவிலும் அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் ஜீப் நிரம்பிவிட்டது. முன்சீட்டில் ராணியம்மாள்.

"கொஞ்சம் தள்ளிக் குந்துங்க" என்றேன்.

"இன்னாடி இது, புருசன ஒரு நாள் விட்டுட்டு இருக்க மாட்டியா? புதுப்பொண்ணு மாரி ஒட்டிக்கினு வர்ற!"

வண்டியே சிரித்தது. நான் ஏறி என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வளைவுகள் ஆரம்பித்தன. பின்னாலிருந்து யாரோ என்னவோ சொல்ல, அவர் வாயை மறைக்காமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"முன்னாடி பாருங்க" என்றேன். எனக்கே தெரியாமல் சத்தமாக வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஏறிக்கொள்கிறேன். வீட்டு வேலை கிடக்கிறது. ஆசையாகக் கூட வருகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.