காதம்மாவும் பதினோரு வருடப் போரும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காதம்மா. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வேலை. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் பேச்சை எழுதித்தான் வயிறு வளர்க்கிறாள். இத்தனை பேச்சைக் கேட்ட காது இன்னும் கழன்று விழாமல் இருப்பதே பெரிய விஷயம்.

பெரிய சபையில் ஒலிப்பதிவு உண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருவராக ஆள் மாறுவார்கள். படைக் குழுவில் அந்த வசதியெல்லாம் கிடையாது. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பன்னிரண்டு உறுப்பினர்களும் போனை வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எந்தக் கருவிக்கும் அனுமதி இல்லை. அவளும் அவள் நோட்டும்தான். உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அந்தக் குழுவுக்கு ஒரே வேலை. கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு, அங்கே நடந்த சண்டையை அடக்குகிறோம் என்று படை போயிற்று. ஆறே மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனது. பதினோரு வருடம் ஆகிவிட்டது. அரையாண்டுக்கு ஒரு முறை குழு உட்கார்ந்து, ஜெயிக்கிறோமா இல்லையா என்று வாய் கிழியப் பேசும். ஆளும் கட்சி ஜெயிக்கிறோம் என்றது, எதிர்க்கட்சி இல்லை என்றது. நடுவில் ஒரு தேர்தல் வந்து நாற்காலி மாறியது. அன்றிலிருந்து அவர்கள் பேசியதை இவர்களும், இவர்கள் பேசியதை அவர்களும் பேசுகிறார்கள். பழைய நோட்டில் ஆள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால்கூட ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் தளபதி வந்து அறிக்கை படிப்பார். அவர் சாதகமாகச் சொன்னால்தான் நீட்டிப்பு ஓட்டுக்குப் போகும் என்பது விதி. தளபதிகள் எப்போதும் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்பதால் அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. தளபதி மாறினாலும் நான்காம் பக்கம் மாறாது. "நிலைமை கணிசமாக முன்னேறியிருக்கிறது. எனினும் பணி முழுமை பெற மேலும் ஆறு மாத அவகாசம் தேவைப்படுகிறது." திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்துக்குச் சுருக்கெழுத்தாளர்கள் சொந்தமாக ஒரு குறி வைத்துக்கொள்வது உண்டு. இதற்கு அவள் ஒரே ஒரு சுழி வைத்திருந்தாள். தளபதி மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போதே கை தானாக அந்தச் சுழியைப் போட்டுவிடும். மிச்ச நேரத்தில் விரல்களை நீட்டி மடக்கிக்கொள்வாள்.

போர் தொடங்கியபோது அவள் மகன் ஐந்தாம் வகுப்பு. முதல் கூட்டத்துக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு வந்து, அவனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அவன் அங்கே படை வண்டிகளுக்கு மெக்கானிக். இது இரண்டாவது தடவை. முதல் தடவை திரும்பி வந்தவன் ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் சுவரோரம் ஒதுங்கிவிடுவான். இந்த முறை நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

கூட்டத்தன்று காலை அவள் கணவர், பஸ் டிரைவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு என்ன ஆகும்?"

"தெரியாது."

"தெரியாதா, சொல்லக் கூடாதா?"

"ரெண்டும்தான். கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நான் போனாத்தான் பஸ்ஸே கிளம்பும். பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

அவள் டிபன் டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே டப்பா.

தளபதி பன்னிரண்டு மணிக்கு வந்தார். இந்தக் குழு முன் அவர் உட்காருவது இது மூன்றாவது தடவை. ஆள் மெலிந்திருந்தார். மூன்று பக்கம் படித்தார். நான்காவதுக்குத் திருப்பினார். அவள் கை சுழியைப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் மகன் இருமிக்கொண்டே பேசினானே, மருந்து வாங்கினானோ என்னவோ என்று நினைத்தபடி விரலை நீவிக்கொண்டிருந்தாள்.

அறை சட்டென்று அடங்கியது. அதன் பிறகுதான் காதில் விழுந்தது அவள் மண்டைக்குள் ஏறியது. தளபதி பைலை மூடியிருந்தார். "இந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்க எனக்கு மனசு வரல. நாம அங்க ஜெயிக்கல. ஆறு மாசம் இல்ல, ஆறு வருஷம் குடுத்தாலும் ஜெயிக்க மாட்டோம்" என்று சொல்லியிருந்தார்.

எழுதலாம் என்று பேனாவை எடுப்பதற்குள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். கை அந்தக் கூச்சலின் பின்னால் ஓடியது. தட்டச்சு செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். குழுத் தலைவர் மேசையைத் தட்டி டீக்கு இடைவேளை விட்டார். இரண்டு பேர் தளபதியின் தோளில் கை போட்டுப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். டீ ஆறிப்போகும் வரை வரவில்லை.

திரும்பி வந்ததும் தலைவர் சொன்னார். "அறிக்கை சாதகமா இருக்கு. ஓட்டுக்கு விட்டுடலாமா?"

எதிர்க்கட்சியில் ஒருவர், முன்னாள் வாத்தியார், துள்ளி எழுந்தார். "சாதகமாவா? எங்க காதெல்லாம் என்ன செவிடா? குறிப்பைப் படிக்கச் சொல்லுங்க!"

நோட்டில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும், ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவள் எழுந்தாள். சுழியைப் பார்த்தாள். "நிலைமை கணிசமாக முன்னேறியிருக்கிறது" என்று படித்தாள். தன் பிள்ளையை இன்னும் ஆறு மாதம் அங்கே பிடித்து வைக்கும் வார்த்தைகளைத் தன் வாயாலேயே சொல்கிறோம் என்பது தெரிந்தும் நிறுத்தவில்லை. முழுதும் படித்து முடித்தாள். உட்காரவில்லை.

"ஐயா, இது தப்பு. அவர் இதைச் சொல்லவே இல்ல. பழக்கத்துல என் கை எழுதிடுச்சு."

"என்ன சொன்னாரு?" என்று வாத்தியார் கேட்டார்.

சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். வாத்தியார் மேசையைத் தட்டினார்.

தலைவர் கெட்டவர் அல்ல, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். "நீங்க இப்ப சொன்னது நோட்டுல இருக்காம்மா?"

"இல்லைங்க ஐயா."

"உங்க பையன் அங்கதானே இருக்கான்?"

"ஆமாங்க ஐயா."

"உங்க மனசு புரியுதும்மா. அதனாலதான் உங்க வார்த்தையை எடுத்துக்க முடியல. நோட்டை எடுத்துக்கலாம்." பிறகு தளபதி பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

தளபதி அவளைப் பார்க்கவில்லை. "குறிப்புல இருக்கறதே இருக்கட்டும்" என்றார்.

ஓட்டு ஏழுக்கு ஐந்து. அதையும் அவள்தான் எழுதினாள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீடு வந்தாள். தளபதிமேலா, தலைவர்மேலா? கடைசியில் கோபமெல்லாம் தன் வலது கைமேல் வந்து நின்றது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் அது சும்மா இருந்திருக்கலாம். கணவர் நீட்டிப்புச் செய்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு இருட்டும் முன்பே படுத்துவிட்டார்.

ஆறு மணிக்கு மகன் கூப்பிட்டான்.

"அம்மா, இன்னும் ஆறு மாசமாம்."

"தெரியும்டா. இருமல் எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. நீ உள்ளதானம்மா இருந்த? சொல்லு, நாம ஜெயிக்கிறோமா?"

சொன்னால் வேலை போகும். ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம். கட்டின கணவனிடம் பதினோரு வருடம் வாய் திறக்காதவள் அவள்.

"இல்லடா. ஜெயிக்கல."

அவனுக்கு ஆச்சரியமே இல்லை. "இங்க எல்லாருக்கும் தெரியும்மா. சமையல்காரன் வரைக்கும் தெரியும். உங்களுக்குத்தான் அங்க யாரும் சொல்லலைன்னு நெனச்சோம்."

"சொன்னாங்கடா. அந்த ரூமுல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"தெரியாமத்தான் எங்களை வச்சிருக்கீங்கன்னு நெனச்சேம்மா" என்றான். "அப்படி நெனச்சுத்தான் இத்தனை நாள் தாங்கிட்டு இருந்தேன்."